ஓடுறதுக்கு ஒரு சமதரை

சமத்தங்குடிக்காரர்களைப் பற்றி ஊர் உலகத்தில் ஆயிரம் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கடலுக்குக் கிட்டத்தில் ஆறு ஓய்ந்துபோய்ப் படுத்துக்கிடக்கிற சீமை அது. எங்கே பார்த்தாலும் வயல், நடுவில் வாய்க்கால், மறுபடியும் வயல். குன்று வேண்டாம், ஒரு நல்ல மேட்டைப் பார்க்கவே பஸ் ஏறணும். அந்த ஊர் வேதரெத்தினத்துக்குச் சக்கரை வந்தது. வராமல் என்ன செய்யும்? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, டீக்கடை பெஞ்சிலேயே குடியிருந்த மனுஷன்.

டவுன் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தினம் காலையில மெதுவோட்டம் ஓடணும். மேடு பள்ளம் இல்லாத சமதரையா பாத்து ஓடுங்க. பொங்கலுக்கு முன்னாடி வந்து காட்டுங்க. அப்பவும் இறங்கலேன்னா தினமும் ஊசிதான்."

வேதரெத்தினமோ ஊரில் மாட்டுக்கு ஊசி போட வந்தாலே கொல்லைக்குப் போய் நின்றுகொள்கிற ஆள். ஊருக்கு வந்ததும் கூட்டாளிகள் மூன்று பேரிடமும் அழாத குறையாகச் சொன்னார். பக்கிரிசாமிதான் அவர்களில் மூத்தவர், யோசிக்கிற வேலை அவருடையது. கலியமூர்த்தி சந்தேகம் கேட்பார். உத்திராபதி இரண்டு பேருக்கும் தலையாட்டுவார்.

"மெதுவா போறதுன்னா நடக்கலாமே. ஓடுறதுன்னா வேகமா போகணும். ரெண்டையும் ஒண்ணா எப்படிண்ணே செய்யிறது?" என்று கலியமூர்த்தி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். நம்ம வேலை பாதை. பாதையைப் பாப்போம்" என்றார் பக்கிரிசாமி.

தார் ரோட்டில் பஸ் வரும். வாய்க்கால் கரை வளைந்து போகும். மிச்சம் இருந்தது களத்திலிருந்து மதகு வரைக்கும் போகிற வண்டிப்பாதை. நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. நான்கு பேரும் அதன் ஓரத்தில் குந்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்கள்.

"சமமாத்தான் தெரியுது" என்றார் உத்திராபதி.

"கண்ணால பாத்துட்டா நாத்து நடுவே? தண்ணி கட்டித்தானே பாப்பே?" என்றார் பக்கிரிசாமி.

அந்தச் சீமையில் தரை சமமா இல்லையா என்று பார்க்க வேறு வழி கிடையாது. பாதையின் இரண்டு பக்கமும் வரப்புப் போட்டார்கள். வேதரெத்தினம் மண்வெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை, ஊசி அவருக்குத்தானே. மடையைத் திறந்தார்கள். தண்ணீர் ஒரு பக்கம் கணுக்கால் அளவு நின்றது, இன்னொரு பக்கம் மண் வெளியே தெரிந்தது.

"பாத்தியா? இதுல ஓடியிருந்தா ஆளு என்ன ஆயிருப்பான்?" என்றார் பக்கிரிசாமி.

அப்புறம் உழுதார்கள். சேறு கலக்கினார்கள். சேற்றைச் சமப்படுத்துகிற பரம்புக் கட்டையில் கயிற்றைக் கட்டி வேதரெத்தினமே இழுத்தார். நாள் கணக்காக இழுத்து, கடைசியில் பாதை அப்படியே கண்ணாடி. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர, இவ்வளவு நல்ல சேற்றில் வண்டியை இறக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வேதரெத்தினம் புது ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்கவில்லை.

"என்னடா?" என்றார் பக்கிரிசாமி.

"பரம்படிச்ச சேத்தைச் சும்மா போட்டுட்டு மேல ஓடுறதா? மனசு கேக்கலைண்ணே."

நியாயம்தானே? அந்த ஊரில் சமமாக்கின சேற்றை வெறுமனே போட்டவன் இதுவரைக்கும் பிறக்கவில்லை. உத்திராபதி வீட்டில் நாற்று மிச்சமிருந்தது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் நட்டுவிட்டார்கள். கடைசி நாற்று முடியை நட்டுவிட்டு நிமிரும்போதுதான் கலியமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது.

"இப்ப எங்க ஓடுறது?"

"பயிரு மேலயா ஓடுவாங்க, பாவம் இல்லையா? அறுத்துட்டு ஓடிக்கலாம்" என்றார் பக்கிரிசாமி.

"வரப்புல ஓடினா?"

"வரப்பு மேடு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேதரெத்தினம் ஷூவைக் கழற்றிப் பரணில் வைத்தார். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பயிர் சீக்கிரம் விளைந்தால்தானே சீக்கிரம் ஓடலாம்? விடிந்தால் களையெடுப்பார், எருக்கூடை சுமப்பார், மடை திறக்க மதகுக்கும் களத்துக்குமாக அலைவார். டீக்கடைப் பக்கமே ஆளைக் காணோம். பெஞ்சில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான்.

மார்கழி கடைசியில் டாக்டரம்மா வரச்சொன்ன நாள் வந்துவிட்டது. பயிர் கதிர்தான் வாங்கியிருந்தது. தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி வேதரெத்தினம் பஸ் ஏறினார். துணைக்கு மூன்று பேரும் போனார்கள்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "சக்கரை நல்லா இறங்கியிருக்கே! தினம் ஓடினீங்களா?"

"இல்லீங்க. பாதை இப்பத்தான் கதிர் வாங்கியிருக்கு. அறுத்துட்டு ஓடிடுறேங்க" என்று வேதரெத்தினம் கும்பிட்டார்.

டாக்டரம்மா வாசல் பக்கம் பார்த்தார். வெளியே கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. "என்னமோ போங்க. இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. ஊசி வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

வேதரெத்தினத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நான்கு பேரும் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார்கள்.

"அப்படியே இருக்கணும்னா எப்படி இருக்கணும்? இவ்வளவு நாளும் இவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

பக்கிரிசாமி நிதானமாகச் சொன்னார்: "ஓடலை. ஓடாததாலதான் இறங்கியிருக்கு. இனிமே இவன் உசிரே போனாலும் ஓடக்கூடாது."

உத்திராபதி தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து சமத்தங்குடி பஸ் கிளம்பிவிட்டது. விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. வேதரெத்தினம் தன்னையறியாமல் ஒரு காலை எடுத்து வைத்தார். பக்கிரிசாமி பாய்ந்து அவர் தோளைப் பிடித்தார்.

"ஓடினே, ஊசிதான். நீ நில்லு. நாங்க போய் நிறுத்துறோம்."

மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கையைத் தட்டி, கத்தி, பஸ்ஸை நிறுத்தி ஏறியும்விட்டார்கள். கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் புறப்பட்டது.

பக்கிரிசாமி மூச்சு வாங்க, "ஓடி வர்றானா பாரு" என்றார்.

கலியமூர்த்தி பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "இல்லண்ணே. நீங்க விட்ட இடத்துலயே நிக்கிறான்."

"கெட்டிக்காரன், பொழச்சுக்குவான்" என்று பக்கிரிசாமி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சமத்தங்குடி நாலு."

"மூணு பேருதானே இருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"அதனால என்ன? அவனும் எங்க ஊருக்குத்தான் வரணும்."