ஏழு எள்ளுருண்டைக் கணக்கு

மஞ்சாறு பாயும் சீமையை முன்னொரு காலத்தில் வீரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் தங்கமானவர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார், வாயைக் கட்ட மட்டும் அவருக்குத் தெரியவே தெரியாது. வெல்லம் அவர் கண்ணிலேயே படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், மகாராணி சமையற்கட்டுக்கே காவல் போட்டிருந்தாள்.

சீமையின் கீழெல்லையில், பன்னிரண்டு நாள் வண்டிப் பயணத்தில், ஒரு பஞ்சக் களஞ்சியம் இருந்தது. போன பஞ்சத்தில் ஏட்டைப் பார்த்தால் முட்ட முட்ட நெல். கதவைத் திறந்தால் எலிகூட இல்லை. பிள்ளைகுட்டிகளோடு எத்தனையோ பேர் பட்டினியில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கதவைத் திறந்தவர் மந்திரி சேந்தனார். இன்றைக்கு அதை நினைத்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவையாவது ஒரு நல்ல கணக்கரைப் போட்டுவிட வேண்டும் என்று ஒரே தவிப்பாக இருந்தார்.

வேலை கேட்டு எல்லைப்புறத்திலிருந்து இரண்டு ஓலைகள் வந்தன. ஒன்று ஒச்சப்பன் என்பவன் எழுதியது. மற்றது கஸ்தூரி ராயர் எழுதியது. இவர் அரசவையில் இருந்த தாமோதர ராயரின் மைத்துனர். தாமோதர ராயரோ ராஜா தும்மினால்கூடப் பாட்டுக் கட்டுகிறவர், சேந்தனாரைக் கண்டாலே வயிறு எரிகிறவர்.

"ஒச்சப்பனாம்! கறுப்பா சிவப்பா என்று யாருக்காவது தெரியுமா? முகம் பார்க்காதவனை எப்படி மகாராஜா நம்புவது?" என்றார் தாமோதர ராயர்.

"போன தடவை களஞ்சியத்தைத் துடைத்து வைத்தவர்களை நாம் தினம் தினம் முகம் பார்த்தோமே, ராயரே!" என்றார் சேந்தனார். "ஒச்சப்பனை எனக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடலாம்."

"வையும்!" என்றார் ராஜா. "ஒச்சப்பன் தோற்றால் உம்முடைய பதவி ராயருக்கு!" வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் அல்லவா? சேந்தனார் கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சபையில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. எல்லோரும் பார்க்க, பெட்டிக்கு நூறு நூறாக எள்ளுருண்டைகளை எண்ணி வைத்தார்கள். 'எள்ளுருண்டை நூறு. எண்ணி வாங்கி, வந்த தொகையை எழுதவும்' என்று கூடவே ஒரு ஓலை.

"முத்திரை மட்டும் மகாராஜாவின் கையாலேயே விழட்டும்" என்று சொல்லி, பெட்டிகளை ராஜாவின் அறைக்கு அனுப்பிவைத்தார் சேந்தனார். அன்றைக்கு மகாராணி கோயிலுக்குப் போயிருந்தாள். முத்திரை போட எவ்வளவு நேரம் ஆகும்? ராஜா கதவைச் சாத்தியவர், சாயங்காலம்தான் திறந்தார். பெட்டிகள் வண்டி ஏறின.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கஸ்தூரி ராயரின் ஓலையைத் தாமோதர ராயரே ராகம் போட்டு வாசித்தார். "மகாராஜாவின் புகழ் ஓங்குக! நூறும் குறையாமல் வந்து சேர்ந்தது."

ஒச்சப்பனின் ஓலையில் வாழ்த்துமில்லை, வணக்கமுமில்லை. "எழுதியது நூறு. இருந்தது தொண்ணூற்று மூன்று. மூன்று தரம் எண்ணினேன். முத்திரை உடையாமல் இருந்ததால் வழியில் யாரும் எடுக்கவில்லை. முத்திரை விழுமுன்னே குறைந்திருக்கிறது. வந்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

தாமோதர ராயர் துள்ளிக் குதித்தார். "ஐயையோ! ஏழு உருண்டையை விழுங்கிவிட்டு மகாராஜாவின் முத்திரை மேலேயே பழி போடுகிறானே! திருடித் தின்ற வாயில் சூட்டுக்கோல் வைக்க வேண்டாமா?"

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "சூ... சூட்டுக்கோலா?"

"மொட்டையடித்துக் கழுதை மேலும் ஏற்ற வேண்டும், மகாராஜா!"

சேந்தனார் ராஜாவின் முகத்தையே பார்த்தார். ராஜா மட்டும் வாயைத் திறக்காவிட்டால், ஒரு பாவமும் அறியாதவன் அநியாயமாகச் சூடுபட வேண்டும். நாளைக்குக் களஞ்சியம் கஸ்தூரி ராயர் கைக்குப் போய்விடும். நாம்தானே அவனை இதில் மாட்டிவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"மகாராஜா, முத்திரை விழுமுன் அந்தப் பெட்டிகளோடு இருந்தவர் ஒருவர்தான்" என்றார் மெதுவாக. "ஒச்சப்பன் பிழைப்பதும் கெடுவதும் அவர் சொல்லில் இருக்கிறது."

ராஜா கிரீடத்தைச் சரிசெய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாராணியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு" என்றார் ராஜா, தரையைப் பார்த்தபடி. "நான்தான் தின்றேன். அந்தப் பெட்டியில் ஏழு. இந்தப் பெட்டியிலும் ஏழு. ஒருவருக்கு மட்டும் குறைந்தால் அநியாயம் இல்லையா?"

சபை கொல்லென்று சிரித்தது. சேந்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படியானால் கஸ்தூரி ராயருக்கு நூறு எங்கிருந்து வந்தது?" என்று ராஜா உறுமினார். தாமோதர ராயர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். "ராயரே, சூட்டுக்கோலை யாருக்குக் காய்ச்சலாம், எனக்கா, உம் மைத்துனருக்கா? போம், இனி எதற்கும் வாய் திறக்காதேயும்!"

ஒச்சப்பனுக்குக் களஞ்சியமும், சேந்தனாருக்கு ராஜாவின் கழுத்திலிருந்த முத்துமாலையும் கிடைத்தன. மாலையைப் போடும்போது ராஜா காதோடு கேட்டார். "நான் தின்பேன் என்று உமக்கு முன்னமே தெரியுமா?"

"முன்பின் தெரியாத ஒருவரை நம்ப வேண்டியிருந்தது, மகாராஜா. அதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்."

அடுத்த பஞ்சத்தில் அந்தக் கதவைத் திறந்தவரும் சேந்தனார்தான். ஏட்டில் இருந்த நெல் அத்தனையும் உள்ளே இருந்தது. அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேனே! ஒச்சப்பனுக்கு வேலை கொடுத்து எழுதிய ஓலையோடு, குறைந்துபோன ஏழு எள்ளுருண்டைகளையும் ராஜாவே பொட்டலம் கட்டி, முத்திரை வைத்து அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது.

"வேலை ஓலை ஒன்று, வந்தது. எள்ளுருண்டை ஏழு என்று எழுதியிருக்கிறது. வந்தது ஐந்து."