சிப்பிமேட்டுக்குக் குடிபோன ஆமைகள்

மலையடிக் காட்டில் மெல்லடியான் என்றொரு நட்சத்திர ஆமை இருந்தது. அதன் மனைவியின் பெயர் வரியாள். ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் அழகாக ஓடியதால் அந்தப் பெயர்.

இரண்டுக்கும் பாதி வயது கடந்துவிட்டது. இளவயதில் அந்தக் காடு பெரிதாகத் தெரியவில்லை. இப்போது பெரிதாகிக்கொண்டே போனது. தண்ணீருக்கு ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். காரைப்பழத்துக்கு இன்னொரு மேடு. நிழலில் படுக்க வேண்டுமென்றால் மறுபடியும் முதல் மேட்டுக்கே வர வேண்டும்.

ஒரு கோடையில் தண்ணீர் குடிக்கப் போன மெல்லடியான் மறுநாள்தான் வீடு திரும்பியது. முழங்கால்கள் வீங்கியிருந்தன.

"இனிமே இந்தக் காடு நமக்கு ஆகாது!" என்றது அது.

"வயசானா எல்லாருக்கும் கால் வலி வரத்தாங்க செய்யும்," என்றது வரியாள். "பழம் உருட்டிக்கிட்டு வந்து தரட்டுமான்னு முயல் தினமும் கேக்குது. நீங்கதான் வேணாங்கிறீங்க."

"அடுத்தவங்க உருட்டித் தர்ற பழத்தைத் தின்னுக்கிட்டு எத்தனை நாள் கெடக்கிறது? எல்லாம் நடக்கிற தூரத்துல இருக்கிற ஊரா ஒண்ணு பார்க்கணும். சின்ன ஊரா இருந்தாப் போதும்."

வரியாள் பக்கத்துப் பாறையடியைப் பார்த்தது. அங்கேதான் அதன் தங்கை குறுங்கழுத்தி குடியிருந்தது. அக்காவும் தங்கையும் பேசாத நாள் கிடையாது. முயலும் மயிலும் வந்து சேர்ந்துகொண்டால் பொழுது போவதே தெரியாது.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், காட்டோர ஏரியில் ஒரு ஆலா வந்து இறங்கியது. ஆலா கடற்பறவை. பல ஊர் பார்த்தது. மெல்லடியான் மெதுவாக அதனிடம் போய்த் தன் குறையைச் சொன்னது.

ஆலா சிறகைக் கோதிக்கொண்டே யோசித்தது. கடலோரத்தில் சிப்பிமேடு என்றொரு இடம். ஆண்டுதோறும் அங்கேதான் ஆலாக்கள் மணலில் முட்டையிடும். அங்கே நிரந்தரமாக யாராவது குடியிருந்தால் நல்லது. நடமாட்டம் இருக்கிற இடத்தில் பாம்புகள் அண்டாது. இதையெல்லாம் ஆலா வாய்விட்டுச் சொல்லவில்லை.

"உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு! சிப்பிமேடு!" என்றது.

"தண்ணி எவ்வளவு தூரம்?"

"நல்ல தண்ணி ஊத்து. உங்க நடைக்கு நாப்பது அடி!"

"தீனி?"

"கள்ளிப்பழம் முப்பது அடி. அடம்பங்கொடி வாசல்லயே படர்ந்திருக்கும்!"

"நிழல்? மேடு பள்ளம்?"

"தாழம்புதர் நிழல் இருபது அடி. ஒரே சமதரை! முழங்காலுக்கு மணல் மெத்தை மாதிரி இருக்கும்!"

வரியாள் கழுத்தை நீட்டியது. "அங்க யாரெல்லாம்..." என்று தொடங்கியது.

"ஊருன்னா ஆள் இல்லாமலா இருக்கும்?" என்று மெல்லடியான் குறுக்கே பேசியது. "முக்கியமானதைக் கேக்க விடு. வெள்ளம் வருமா?"

"வரவே வராது! மேடான இடம்!" என்றது ஆலா.

அன்று மாலையே மெல்லடியான் முடிவு செய்துவிட்டது.

"என்ன சொல்றே, வரியாள்?"

"உங்க இஷ்டம்."

அந்தப் பதிலைச் சம்மதம் என்றே அது எடுத்துக்கொண்டது.

புறப்படும் நாளில் குறுங்கழுத்தி வந்து அக்காவின் ஓட்டோடு தன் ஓட்டை உரசிக்கொண்டு நின்றது. "மாமா, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து அப்புறம் முடிவு பண்ணக் கூடாதா?" என்று கேட்டது.

"போக நாலு மாசம், வர நாலு மாசம். நம்ம காலுக்கு ஒரு தடவைதான் அந்த நடை," என்றது மெல்லடியான்.

அது சொன்னது உண்மைதான். இரண்டும் ஐப்பசி மழையில் புறப்பட்டு, வயல் வரப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் நடந்து, மாசி பிறந்தபோது கடலைக் கண்டன. வழியில் வரியாள் பலமுறை திரும்பிப் பார்த்தது. மலை சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் காணாமல் போயிருந்தது.

சிப்பிமேட்டைப் பற்றி ஆலா சொன்னது எதுவும் பொய்யில்லை. ஊற்று நாற்பது அடிதான். கள்ளிப்பழம் முப்பதுதான். மெல்லடியான் முதல் நாளே எல்லா இடத்துக்கும் நடந்து பார்த்தது. இளைப்பு வாங்கவில்லை.

"பார்த்தியா! பொழுது சாயறதுக்குள்ள மூணு தடவை தண்ணி குடிச்சுட்டேன்!"

ஊரும் கலகலப்பாக இருந்தது. மணல் முழுக்க ஆலாக்கள். உப்பங்கழியில் நாரைகளும் உள்ளான்களும். பங்குனியில் கடலிலிருந்து பெரிய பெரிய பங்குனி ஆமைகள் கரையேறின. அவை வரியாளைக் கண்டு, "நீயும் ஆமைதானா? கடலைத் தொடாமலா வாழறே?" என்று வியந்தன. வரியாள் அவற்றோடு மணிக்கணக்கில் பேசியது. வந்தது நல்லதுதானோ என்றுகூட அதற்குத் தோன்றியது.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, ஆலாக்கள் கூட்டமாக எழும்பின.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று வரியாள் பதறிக்கொண்டு கேட்டது.

"குஞ்சுகளுக்கு இறக்கை முளைச்சாச்சு. இனி இங்க என்ன வேலை? மாசிக்கு வருவோம்!" என்றது ஆலா.

"பங்குனி ஆமைங்க?"

"அதுங்க முட்டை போட்டுட்டு அப்பவே போயாச்சே! நாரைங்களும் போயாச்சு. வருஷத்துல எட்டு மாசம் இங்க யாரும் இருக்க மாட்டோம்."

மெல்லடியானுக்குக் கோபம் வந்தது. "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ தண்ணி எவ்வளவு தூரம்னு கேட்டே, சொன்னேன். வெள்ளம் வருமான்னு கேட்டே, சொன்னேன். யார் இருப்பாங்கன்னு கேக்க வந்தவளை நீதானே தடுத்தே!"

ஆலா பறந்துபோனது. பெரிய மணல்வெளியில் இரண்டு ஆமைகள் மட்டும் நின்றன.

எஞ்சியிருந்தவை நண்டுகள்தான். ஊற்றுக்கு அப்பால், நூறடி தள்ளி ஒரு மணல்திட்டு. அது முழுக்க நண்டு வளைகள். காலடி அதிர்வை உணர்ந்ததும் அத்தனை நண்டும் உள்ளே மறைந்துவிடும்.

ஆனி போனது, ஆடி போனது. மெல்லடியான் தினமும் தண்ணீர் குடித்தது, பழம் தின்றது, நிழலில் உறங்கியது. வரியாள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

"எல்லாம் கைக்கெட்டின மாதிரி இருக்கு. இன்னும் என்ன குறை உனக்கு?"

"நடக்கிற தூரத்துல எல்லாம் இருக்குங்க," என்றது வரியாள். "நடந்து போய்ப் பார்க்க ஒருத்தரும் இல்லை."

"சத்தமில்லாம நிம்மதியா இருக்குன்னு நினைச்சுக்கோ."

"அந்த நண்டுங்ககிட்டப் போய் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போமா?"

"நமக்கும் அதுங்களுக்கும் என்ன பேச்சு? ஆளைக் கண்டா ஓடி ஒளியற கூட்டம்!"

வரியாள் தனியாகப் போனது. முதல் நாள் எல்லா நண்டும் ஒளிந்துகொண்டன. அது ஒரு வளையின் வாசலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியது. மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் ஒரு பெரிய பெண் நண்டு கண்களை மட்டும் வெளியே நீட்டியது. அதன் பெயர் செங்கொடுக்கி.

"என்ன வேணும்?" என்று கேட்டது செங்கொடுக்கி.

"ஒண்ணும் வேணாம். பேச யாருமில்லை. அதான் வந்தேன்."

"வருஷா வருஷம் வர்றாங்க. சிரிக்கிறாங்க, பேசறாங்க. நாலு மாசத்துல போயிடறாங்க. பழகிப் பழகி எங்களுக்கு அலுத்துப்போச்சு. நீங்களும் போயிடுவீங்க."

"எங்களால போக முடியாது. காலில தெம்பு இல்லை," என்றது வரியாள்.

செங்கொடுக்கி மெல்ல வெளியே வந்தது. பிறகு அதன் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. வரியாள் மலையைப் பற்றிச் சொன்னது. மலை என்றால் என்ன என்று நண்டுக் குஞ்சுகளுக்குத் தெரியவில்லை. "இந்தத் திட்டை மேல மேல அடுக்கினாப்போல!" என்றது வரியாள். அவை சிரித்தன.

ஆனால் அது வெயிலில் நடந்து போய்வருவது மெல்லடியானுக்குப் பிடிக்கவில்லை. "நூறடி போய் நூறடி வர்றே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? பேசாம நிழல்ல இரு," என்று கடிந்துகொண்டது. அதன் பிறகு வரியாள், மெல்லடியான் மதியம் உறங்கும் வேளையில் மட்டும் சொல்லாமல் போய்வரத் தொடங்கியது.

புரட்டாசியில் காற்று திசை மாறியது. மணல்திட்டின் ஓரத்தைக் காற்று அரித்துச் செங்குத்தாக்கியிருந்தது. ஒரு மதியம் திரும்பி வரும்போது வரியாளின் காலடியில் மணல் சரிந்தது. அது உருண்டுபோய்த் திட்டுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தது.

சரியும் மணலில் மல்லாந்த ஆமையால் தானாகப் புரள முடியாது. மேலே உச்சிவெயில். கீழே சுடுமணல். வரியாள் கூப்பிட்டது. அலைச்சத்தத்தில் அதன் குரல் எங்கும் போகவில்லை.

மெல்லடியான் கண் விழித்தபோது மனைவியைக் காணவில்லை. பழம் தின்னப் போயிருக்கும் என்று நினைத்து மறுபடி கண்ணை மூடியது. வெகுநேரம் கழித்துத்தான் தேடிப் புறப்பட்டது. திட்டைச் சுற்றி வந்தபோது வரியாளின் கால்கள் ஆகாயத்தைப் பார்த்து மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"வரியாள்!"

அது தலையால் முட்டியது. தோளால் நெம்பியது. முட்ட முட்ட மணல்தான் சரிந்தது. ஓடு அசையவில்லை.

மலையடிக் காட்டில் ஒருமுறை இப்படித்தான் மெல்லடியானே மல்லாந்து கிடந்தது. கூப்பிட்ட குரலுக்கு முயல் ஓடி வந்தது, குறுங்கழுத்தி வந்தது, முள்ளம்பன்றிகூட வந்தது. ஒரு நொடியில் நிமிர்த்திவிட்டன. இங்கே யாரைக் கூப்பிடுவது?

அது வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடித் திட்டின் மேல் ஏறியது.

"யாராவது வாங்க! எம் பொண்டாட்டி மல்லாந்து கெடக்கா! காப்பாத்துங்க!"

தடதடவென்று வந்த காலடியைக் கேட்டதும் நண்டுகள் இன்னும் ஆழத்துக்குப் போயின. அறிமுகமில்லாத குரல். அறிமுகமில்லாத நடை. இதே ஊரில் ஏழெட்டு மாதம் இருந்தும் மெல்லடியான் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. எந்த வளையில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. கூப்பிட ஒரு பெயர்கூடத் தெரியாது.

ஒவ்வொரு வளையாகத் தலையை நுழைத்துக் கத்தியது. ஒன்றும் அசையவில்லை. கடைசியில் குரல் உடைந்து, "வரியாள்... வரியாள் சாகப்போறா..." என்று முனகியது.

ஒரு வளைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் வெளியே நீண்டன.

"யாரு? வரியாள் அக்காவா?"

அடுத்த கணம் செங்கொடுக்கி பாய்ந்து வெளியே வந்தது. "எல்லாரும் வாங்கடா! நம்ம அக்கா!" என்று கூவியது. வளைக்கு வளை அந்தச் சேதி பரவியது. நூற்றுக்கணக்கான நண்டுகள் திட்டிலிருந்து இறங்கி ஓடின. வரியாளின் ஒரு பக்கத்தில் மணலைப் பறித்தன. மறுபக்கத்தில் மணலைத் தள்ளிக் குவித்தன. மெல்லடியான் தலையால் நெம்பியது. ஓடு மெல்லச் சாய்ந்து, ஒருவழியாக நிமிர்ந்தது.

தாழம்புதர் நிழலுக்கு அதை இழுத்துப் போயின. நண்டுகள் ஈரமணலை அள்ளி வந்து அதன் கழுத்தைச் சுற்றிப் பூசின. ஆனால் வெயில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

வரியாள் கண்ணைத் திறக்கவில்லை. "நண்டுங்க வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டது.

"வந்தாங்க," என்றது மெல்லடியான்.

"நிறைய பேரா?"

"நிறைய பேர். எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"அப்ப சரி," என்றது வரியாள். பொழுது சாய்வதற்குள் அதன் மூச்சு நின்றுபோனது.

நண்டுகளே குழி தோண்டின. அன்று ஊற்றில் தண்ணீர் இருந்தது, கள்ளியில் பழம் இருந்தது. மெல்லடியான் எதையும் தொடவில்லை.

சில நாட்கள் கழித்து அது மெதுவாக நண்டுத் திட்டுக்குப் போனது. பல நண்டுகள் ஒளிந்துகொண்டன. செங்கொடுக்கி மட்டும் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"இனி மலைக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு முடியாது. அவ தங்கச்சிக்குச் சேதி சொல்லணும். மாசியில ஆலா வந்தாத்தான் சொல்லி அனுப்பணும்."

செங்கொடுக்கி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றது செங்கொடுக்கி. "அக்கா மலையைப் பத்திச் சொல்லும். தங்கச்சியைப் பத்திச் சொல்லும். இந்த ஊரைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவுக்கு இந்த ஊர் பிடிச்சிருந்துதா?"

மெல்லடியான் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து அதன் குரல் மெல்ல வந்தது.

"தெரியலைம்மா. நான் கேக்கவே இல்லை."

வாழப்போகும் ஊரைத் தேடுகிறவர்கள், எது எவ்வளவு தூரம் என்று அளப்பதற்கு முன், கூப்பிட்டால் அங்கே யார் வருவார்கள் என்பதையும், கூட வருகிறவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.