ஒரு காசுத் தண்ணீரில் ஓர் எண்ணெய்க் குளியல்

ராஜா நினைத்ததெல்லாம் சட்டம், சட்டமானதெல்லாம் நடந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெரிய நாட்டை மகரபூஷணன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு எல்லாமே ஒரே சீராக இருக்க வேண்டும். நந்தவனத்தில் ஒரு செடி மற்றவற்றைவிட ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டால் போதும், கத்தரிக்கோல் வந்துவிடும். அரண்மனை யானைகளில் ஒன்று கொஞ்சம் குட்டை. அந்த ஒரு குற்றத்துக்காக அதை ஊர்வலத்தில் எப்போதும் மேட்டுப் பக்கமாகவே நடத்திப்போவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஊருக்கு ஒரு மனு வந்தால் எப்படி இருக்கும்? மலையடிவாரத்துக் காவலர்கள் உப்பு விலை தாங்கவில்லை என்றார்கள். தலைநகரத்துக் காவலர்கள் வீட்டுக் குடிக்கூலி தாங்கவில்லை என்றார்கள். கடற்கரைக்காரர்கள் தண்ணீர் விலை தாங்கவில்லை என்றார்கள். ராஜாவுக்குத் தலை சுற்றியது.

இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் போலப் பொக்கிஷ அதிகாரி வல்லபராயர் முன்னால் வந்தார். நாடு ஒன்று, மன்னர் ஒருவர், சேவகர்களின் தினப்படி மட்டும் எதற்குப் பலவிதம் என்று கேட்டார். அரசாங்கச் சேவகர் எங்கே இருந்தாலும் தலைநகரத்துச் சேவகருக்கு உள்ள அதே படிதான், நாளொன்றுக்கு மூன்று காசு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று ஒரு சாசனம் எழுதி நீட்டினார். செடிகளைப் போலவே ஊர்களையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடலாம் என்று கேட்டதும் ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே முத்திரை விழுந்தது.

அந்தச் சாசனம் கிளம்பிப் போய் ஒரு கோடை கழிந்து அடுத்த கோடை தொடங்கும்போது, உவர்பட்டினத்திலிருந்து உடையாச்சி என்ற பெண் ஆறு நாள் நடந்து தலைநகரம் வந்தாள். உவர்பட்டினம் கடலோரத்தில் இருக்கிறது. ராஜாவின் உப்புக் கிடங்கு அங்கேதான். அதைக் காவல் காக்க நாற்பது குடும்பங்கள். உடையாச்சியின் புருஷனும் அதில் ஒருவன். காவலர்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதால் பெண்கள் கூடிப் பேசி அவளை அனுப்பியிருந்தார்கள்.

சபையில் அவள் அழவில்லை, காலில் விழவும் இல்லை. கும்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மகாராசா, எங்க ஊருல தோண்டுன கிணறெல்லாம் உப்பா ஊறுது. ரெண்டு காதம் தள்ளி இருக்கிற ஊத்துலேருந்து ஒருத்தர் மாட்டுவண்டியில கொண்டாந்து விக்கிறாரு. ஒரு குடம் ஒரு காசு. எங்க மூணு காசுல ரெண்டு காசு தண்ணிக்கே போயிருது. பிள்ளைகளுக்கு வாய் நனைக்கத்தான் தண்ணி இருக்கு, மேலு கழுவ இல்ல. உடம்பெல்லாம் சிரங்கு. ஒண்ணு தண்ணிக்கு வழி பண்ணுங்க, இல்லாட்டி எங்களை வேற ஊருக்குப் போக விடுங்க."

வல்லபராயர் சிரித்துக்கொண்டே, உவர்பட்டினத்தில் ஒரு காசுக்குக் கூடை கூடையாக மீன் கிடைக்கும் என்பதை இந்தப் பெண் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அது பொய் இல்லை. பாதி உண்மை என்பது முழுப் பொய்யைவிட நன்றாக வேலை செய்யும், அதிகாரிகளுக்கு இது தெரியும். ராஜாவும் தலையாட்டினார். ஓர் ஊருக்கு வளைந்தால் எல்லா ஊருக்கும் வளைய வேண்டும், சாசனம் சாசனம்தான், காவலை விட்டு நகர்கிற குடும்பம் சிறைக்குப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

உடையாச்சி நகரவில்லை. சேவகன் வந்து விரட்டியும் அதே இடத்தில் நின்றாள். நாற்பது வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள், இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு எப்படிப் போவாள்?

அப்போதுதான் கொழுந்தப்பன் எழுந்தான். அவன் அந்தச் சபையின் விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பெண் சொல்வது நியாயம் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வல்லபராயருக்குப் பல வருஷமாக அவன்மேல் ஒரு கண். தாம் மூட்டை மூட்டையாக வரி கொண்டுவந்து கொட்டியும் கிடைக்காத பாராட்டு, இவன் ஒரு வாக்கியம் பேசினால் கிடைத்துவிடுகிறதே என்ற வயிற்றெரிச்சல். அவர் ராஜாவின் பக்கம் குனிந்தார்.

"பிரபு, இவர் பேச ஆரம்பித்தால் வெள்ளைக் காக்கையும் பறக்கும். இந்தப் பெண் சொல்வது நியாயம் என்றால் வாய் திறக்காமல் மெய்ப்பிக்கட்டும். சாசனத்தில் கண்ட படிக்கு மேல் ஒரு காசும் செலவழிக்காமல் மெய்ப்பிக்கட்டும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது.

"அப்படியே ஆகட்டும். கொழுந்தப்பா, இந்த விஷயமாக இனி நீ ஒரு சொல்லும் பேசலாகாது. பேசாமலே என் மனத்தை மாற்றினால் இந்தப் பெண் கேட்டது கிடைக்கும். மாற்றாவிட்டால் உனக்கு இந்தச் சபையில் இடம் இல்லை. அவளும் வந்த வழியே போகலாம்."

கொழுந்தப்பன் சம்மதித்தான். பேச்சை நிறுத்துவதற்கு முன் இரண்டே இரண்டு வேண்டுகோள் என்றான். வருஷாவருஷம் சித்திரையில் உப்புக் கிடங்கைப் பார்வையிட ராஜா உவர்பட்டினம் போவார். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, பார்வையிட்டு, விடிந்ததும் திரும்பிவிடுவார். இந்தத் தடவை மறுநாள் முழுவதும் தங்க வேண்டும், அந்த ஒரு நாள் பணிவிடை முழுவதும் தன் பொறுப்பில் இருக்க வேண்டும். இது முதல் வேண்டுகோள். தலைநகரத்தில் ராஜாவின் சொந்தத் தேவைக்கு ஒரு நாளைக்கு எதற்கு எத்தனை காசு ஆகிறது என்று வல்லபராயர் தம் கையால் ஓலையில் எழுதித்தர வேண்டும். இது இரண்டாவது.

வல்லபராயர் சந்தோஷமாக எழுதினார். தண்ணீருக்கு ஒரு காசு. மீனுக்கு ஒரு காசு. எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் ஒரு காசு. இப்படியே வரிசையாக எழுதி, கடைசியில் 'எந்த ஊரிலும் இதுவே, கூடவும் கூடாது, குறையவும் கூடாது' என்று சேர்த்துக் கையெழுத்தும் போட்டார். கொழுந்தப்பன் ஓலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வாயை மூடியவன்தான், அதற்குப் பிறகு அந்த விஷயமாக மூச்சு விடவில்லை. சித்திரையில் பயணம் புறப்பட்டது, உடையாச்சியும் கூடவே ஊர் திரும்பினாள். வழியெல்லாம் ராஜா சீண்டிப் பார்த்தார். ஒரு முனகல்கூட வரவில்லை.

அவர்கள் தங்கிய நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் ராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருக்க மாட்டார். போர் நடந்தாலும் நிறுத்திவிட்டுக் குளிப்பார். தலைநகரத்தில் ஆறு அரண்மனைச் சுவரை ஒட்டி ஓடுகிறது. தண்ணீர் இறைக்கும் ஆளுக்கு ஒரு காசு கூலி கொடுத்தால் நூறு குடம் வந்து நிற்கும். ராஜா மூன்று குடத்தைத் தலையில் ஊற்றுவதற்குள் நாலாவது குடம் கையில் இருக்கும்.

காலையில் வண்டிக்காரர் வந்தார். கொழுந்தப்பன் அவரிடம் ஒரு காசைக் கொடுத்து ஒரு குடம் வாங்கிக்கொண்டான். வண்டி மற்ற வீடுகளுக்கும் ஊற்றிவிட்டு ஊற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டது. இனி அது மறுநாள்தான் வரும்.

கூடாரத்துக்கு வெளியே பலகை போட்டு ராஜா உட்கார்ந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிந்தது. ஓர் எண்ணெய்த் துளி மூக்கு நுனியில் தொங்கியது. ஒரு நாழிகை ஊறிய பிறகு தலை நிறையச் சீயக்காயைத் தேய்த்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ம், ஊற்று" என்றார் ராஜா.

கொழுந்தப்பன் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். சீயக்காய் நன்றாகக் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது.

ராஜா காத்திருந்தார். அடுத்த செம்பு வரவில்லை. ஊற்று என்று அதட்டினார். யாரும் ஊற்றவில்லை. ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தார். குடத்தில் மிச்சம் இருந்ததைச் சமையல்காரன் அரிசி உலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். கைகட்டி நின்ற கொழுந்தப்பன் மடியிலிருந்த ஓலையை எடுத்து நீட்டினான். எரிகிற கண்ணோடு ராஜா படித்தார். தண்ணீருக்கு ஒரு காசு.

கோபத்தில் ராஜா என்ன செய்திருப்பாரோ தெரியாது. அதற்குள் வல்லபராயர் ஓடிவந்து, பிரபு எதற்குக் கவலைப்பட வேண்டும், எதிரே ஒரு கடலே இருக்கிறதே என்றார். ராஜாவும் எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடிப்போய்க் கடலில் இறங்கினார். உப்புத் தண்ணீரில் எண்ணெய் போகுமா, சீயக்காய்தான் போகுமா? முக்கி முக்கி எழுந்து கரையேறியபோது உடம்பு பிசுபிசுத்தது. வெயில் ஏற ஏற அது காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. தலைமயிர் சடை பிடித்தது. அக்குள், கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் ஒரே நமைச்சல். செங்கோல் பிடித்த கை சொறிய ஆரம்பித்தது.

சாப்பாட்டு வேளை வந்தது. மீனுக்கும் ஒரு காசுதான். தலைநகரத்தில் அந்தக் காசுக்கு இரண்டு ஆற்று மீன் வரும். உவர்பட்டினத்தில் ஐந்து கூடை வந்தது. குறையவும் கூடாது என்று எழுதியிருக்கிறதே, அதனால் கொழுந்தப்பன் ஒரு மீனையும் குறைக்கவில்லை. குழம்பு வைக்கத் தண்ணீர் இல்லாததால் எல்லாவற்றையும் உப்புத் தடவிச் சுட்டு ராஜாவின் முன்னால் மலை போலக் குவித்தார்கள். பசியில் ராஜா ஆறு மீன் தின்றுவிட்டார். ஏழாவதைத் தொடும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணீர்."

காலிக் குடத்தைக் கொழுந்தப்பன் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

எத்தனை காசானாலும் சரி, பொன்னே கொடுத்தாலும் சரி, வாங்கி வா என்று ராஜா கட்டளையிட்டார். சேவகர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். வண்டி போய்விட்டது. ஊற்று இரண்டு காதத்துக்கு அப்பால் இருந்தது. கூட வந்த வீரர்களின் தோல்பைகள் நேற்றே காலி. பொன் இருந்தது, வாங்கத் தண்ணீர் இல்லை.

செய்தி காவலர் குடியிருப்புக்கும் போனது. உடையாச்சி தன் வீட்டில் மிச்சம் இருந்த அரைச் செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடாரத்தை நோக்கி வந்தாள். அவள் வருவதை வல்லபராயர் பார்த்துவிட்டார். இந்தப் பெண் கையால் ராஜா தண்ணீர் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பதற்றத்தில், அதுவரை மூச்சுக் காட்டாமல் வைத்திருந்ததைத் தாமே வெளியே கொண்டுவந்தார். தம் பல்லக்குக்கு ஓடி, திண்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தோல்பையை இழுத்து எடுத்து, அவளை முந்திக்கொண்டு வந்து நீட்டினார்.

"பிரபு, அருந்துங்கள். நம் ஆற்றுத் தண்ணீர்."

ராஜா அதை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்தார். பையைத் தூக்கிப் பார்த்தார். அது இன்னும் பாதி நிறைந்திருந்தது. பிறகு வல்லபராயரைப் பார்த்தார்.

"வல்லபராயரே, எந்த ஊரிலும் தண்ணீர்ச் செலவு ஒன்றே என்று கையெழுத்திட்டவர் நீர். பிறகு எதற்காக ஆறு நாள் வழியும் இதைச் சுமந்துவந்தீர்?"

வல்லபராயர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். பேசக் கூடாது என்று யாரும் அவருக்குத் தடை போடவில்லை. ஆனாலும் சொல் வரவில்லை.

ராஜா கொழுந்தப்பனைப் பார்த்தார். அவன் அதே இடத்தில், அதே கைகட்டோடு, உலர்ந்த உதட்டோடு நின்றுகொண்டிருந்தான். எண்ணெயும் உப்பும் மீன்செதிலுமாகத் தாம் உட்கார்ந்திருக்கும் கோலத்தையும் ராஜா ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கச் சொறிந்தார், சொறியச் சொறியச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

"போதும், கொழுந்தப்பா. நீ வென்றாய். இனிப் பேசு."

கொழுந்தப்பனால் பேச முடியவில்லை. ராஜா பையை நீட்டினார். ஒரு வாய் குடித்த பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது. நான் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, கேட்க வந்தவள் அதோ நிற்கிறாள் என்றான்.

ராஜா உடையாச்சியை அழைத்து, உங்கள் படியில் இன்னும் இரண்டு காசு கூட்டுகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"காசு வேண்டாம் மகாராசா. காசு கூடுனா குடத்து விலையும் கூடும். ஒங்க வண்டியில தண்ணியவே அனுப்புங்க. தெனமும் வீட்டுக்கு நாலு குடம். மீனு எங்ககிட்ட நெறைய இருக்கு, அதுக்கு யாரும் ஒண்ணும் தர வேண்டாம்."

தலைநகரம் போனதும் வண்டி அனுப்புவதாக ராஜா சொன்னார். போய்ச் சேரவே ஆறு நாள் ஆகுமே என்று உடையாச்சி கேட்டாள். அவள் பயந்தும் கேட்கவில்லை, துடுக்காகவும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்துக் கேட்டாள். ராஜாவின் சிரிப்பு நின்றது. ஒரு வேளைத் தாகத்துக்கே தாம் பொன்னைக் கொட்டத் துணிந்தது அவருக்கு உறைத்தது.

அந்த மதியமே ராஜாவின் பதினாறு வண்டிகளிலிருந்தும் கூடாரங்களையும் கட்டில்களையும் இறக்கினார்கள். ஊரில் இருந்த குடம், தவலை, மிடா எல்லாவற்றையும் ஏற்றினார்கள். வண்டிகள் வரிசையாக ஊற்றைப் பார்த்துப் புறப்பட்டன. அவை அதற்குப் பிறகு தலைநகரத்துக்குத் திரும்பவே இல்லை, உவர்பட்டினத்து வண்டிகளாகவே ஆகிவிட்டன. அவற்றை ஓட்டுவதையும் தண்ணீரைக் கணக்காக ஊற்றுவதையும் மேற்பார்வையிட ஓர் அதிகாரி தேவைப்பட்டார். வல்லபராயரையே ராஜா நியமித்தார், நாளொன்றுக்கு மூன்று காசுப் படியில்.

வண்டி இல்லாததால் ராஜா குதிரையிலேயே திரும்பினார். ஆறாம் நாள் தலைநகரத்து ஆறு கண்ணில் பட்டதும் குதிரையை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கழுத்தளவு நின்றுகொண்டு, கரையில் நின்ற எழுத்தரைக் கூப்பிட்டு, பழைய சாசனத்தைக் கிழிக்கச் சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் எது மலிவு, எது அருமை என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு எழுதிவர ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு தம் கைக்கடகத்தைக் கழற்றிக் கொழுந்தப்பனிடம் கொடுத்தார்.

"கொழுந்தப்பா, பிறந்தது முதல் இந்த ஆற்றில்தான் குளிக்கிறேன். இதற்கு ஒரு விலை உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை."

"நீங்கள் கொடுத்ததில்லை, பிரபு. அதனால் தெரியவில்லை" என்றான் கொழுந்தப்பன்.

ராஜா அதற்கும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட வெகுநேரம் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார்.