கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கோமதித் தாயியின் மடம் மொத்தம் ஒரு ஏக்கர். நாலு தென்னை, ஒரு கூரைக் கொட்டகை, மீதி முழுக்கப் புல். பதினோரு வருஷமாக அந்தப் புல்லை அரிவாளால் அறுத்து வந்தவர் உச்சிமாகாளி. தாயிக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதனால் தாயி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கார்த்திகை மழையில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. கும்பிட வந்த ஒரு பெண்ணின் காலடியில் கட்டுவிரியன் ஓடியது.

"இனி இப்படி விடக் கூடாது," என்றார் தாயி.

மறுநாளே பிரம்மநாயகம் புல்வெட்டுகிற மெஷினோடு வந்து நின்றார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு மாதம் முன்புதான் சீடராக வந்தவர். தோளில் மாட்டி ஓட்டிக் காட்டினார். அரை மணி நேரத்தில் வாசல் பக்கம் மொட்டை.

"அடடே, நல்லா இருக்கே!" என்றார் தாயி.

பதினோரு வருஷத்தில் உச்சிமாகாளிக்கு அந்த 'அடடே' ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேரெல்லாம் தேட வேண்டாம்.

"அது போடுற சத்தத்துல, தியானத்துல உக்காந்தவன் எந்திரிச்சு ஓடிருவான் தாயி."

"தினம் அரை மணிதானே அண்ணாச்சி," என்றார் பிரம்மநாயகம். "உங்க அரிவாளுக்கு ஒரு வாரம் ஆகுமே!"

"அப்ப புல்லு சாகுற மருந்தடிச்சிருவோம்." மெஷின் ஜெயிப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று தோன்றியது உச்சிமாகாளிக்கு.

"மருந்தடிச்சா இங்க மேய வர்ற மயிலு செத்துப்போகும். வேண்டாம்," என்றார் தாயி. "நடுவுல ஒரு கயிறு கட்டுங்க. ஆளுக்குப் பாதி. தைப்பூசத்தன்னைக்கு எந்தப் பக்கம் புல்லு கால்ல தட்டலையோ, இனிமே அந்த வழிதான்."

மழை நின்றது. உச்சிமாகாளி தன் பாதியை நாலு நாளில் அறுத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எப்போதோ வழுக்கையாகக் கிடந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே கிணற்றுக்குப் போனார். முப்பது குடம் இறைத்து, அந்தப் பக்கம் ஊற்றினார். அதற்கடுத்த நாள் நாற்பது குடம். எட்டாம் நாள் சாணியும் கரைத்து ஊற்றினார்.

பிரம்மநாயகம் தலையைச் சொறிந்தார். "என்ன மண்ணோ அண்ணாச்சி! வெட்ட வெட்ட வருது. ஒரே ஈரம், மெஷின்ல சுத்திக்கிடுது." பிறகு உச்சிமாகாளியைப் பார்த்தார். "நீங்க ரொம்ப எளைச்சுட்டீகளே! உங்க பக்கமும் நானே ஒரு ஓட்டு ஓட்டிரட்டுமா?"

"உம்ம சோலியப் பாரும்."

தண்ணீர் சுமந்த தோள் அரிவாள் பிடிக்க மறுத்தது. உச்சிமாகாளியின் பாதியிலும் புல் மெல்லத் தலை தூக்கியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண் கயிறு தாண்டித்தான் கிடந்தது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலைக் கருக்கலில், குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். பின்னால் தாயி நின்றுகொண்டிருந்தார். அவர் இடுப்பிலும் ஒரு குடம்.

"இந்த மூலை விட்டுப்போச்சு அண்ணாச்சி," என்று சொல்லி, தாயி அங்கே ஊற்றினார்.

உச்சிமாகாளி வெறுங்குடத்தைக் கீழே வைத்தார். "திட்டிருங்க தாயி."

தாயி கிணற்றுக்குப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார்.

"நீங்க சுமக்காதீக. நான் பண்ணுனது ஈனப் புத்தி. போதுமா?" தாயியின் குடத்தை வாங்கக் கை நீட்டினார். "மெஷின் ஜெயிச்சிட்டா எனக்கு இங்க என்ன சோலி? நாளைக்கு என்னத்தச் சொல்லிக்கிட்டு இந்த மடத்துக்குள்ள வருவேன்?"

தாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். கரும்பச்சையாக, மெத்தையாக நின்ற புல்லை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

"மழையே இல்லாம இம்புட்டுச் செழிப்பா வளத்திருக்கீக," என்றார். "நீங்க எதுக்கு அண்ணாச்சி வெட்டுறதுக்குப் போட்டி போட்டீக?"