கை தூக்கியவள்

அருள்சீலி டீச்சரின் கபடி மைதானம் இருந்த இடத்தில் இப்போது குடிநீர்த் தொட்டி நிற்கிறது. அப்போதெல்லாம் காலை ஆறரைக்கே அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு, மண்ணுக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் நாள் ஈர மண் வாடையோடுதான் தொடங்கும்.

அந்த அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கபடி பாடி வருகிறவளின் விரல் நுனி பட்டால் போதும். பட்டவள் தானே கையைத் தூக்கி, "பட்டுட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவாள். அம்பயர் கவனித்தாரா என்று பார்ப்பதில்லை. வெளியூர் அம்பயர்கள் சிரிப்பார்கள்.

"ஒங்க பிள்ளைகளுக்கு விசிலே வேண்டாம் டீச்சர்."

அதே அணியில் ஆடி, பிறகு டீச்சருக்கு உதவியாக வந்தவள் பேச்சியம்மாள். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் அவள் டீச்சரிடம் வந்து நின்றாள்.

"கெட்ட எண்ணத்தோட வாரவனை அடையாளம் கண்டுக்கிட நம்ம பிள்ளைகளுக்கு எப்படி டீச்சர் சொல்லிக்கொடுக்க?"

"என்ன திடீர்னு?"

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். அணிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த அரிசி ஆலைக்காரர், தன் மச்சினர் தவசிக்கண்ணைச் சுளுக்கு எடுக்க அனுப்பியிருந்தார். மாலையில் வருவார். விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பிள்ளைகளின் காலுக்குத் தைலம் தேய்ப்பார்.

"புதன்கிழமை தெய்வானை எங்கிட்ட வந்தா டீச்சர். அவரு கதவைச் சாத்துதாராம். கால்ல அடின்னா கை வேற எங்கயோ போகுதாம். யார்ட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா டீமை விட்டுத் தூக்கிருவேன்னு சொன்னாராம்."

"நீ என்ன செஞ்ச?"

"கால்வலின்னு சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிட்டேன். போட்டி முடியுத வரைக்கும் வராண்டாம்னேன். அவளுக்கும் பாதுகாப்பு. சட்டைக்காரரையும் பகைக்க வேண்டாம்."

"அவரு?"

"சாயங்காலம் வருவாரு."

டீச்சர் மைதானத்துக்கு நடந்தார். பிள்ளைகள் இரண்டு அணியாக நின்றிருந்தார்கள்.

"இன்னைக்கு ஆட்டத்தை மாத்துதோம். தொட்டவ வெளிய போகணும். பட்டவ உள்ளயே நிக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அது எந்த ஊர் ஆட்டம் டீச்சர்?" என்றாள் செபஸ்தியாள்.

"நம்ம ஊர் ஆட்டம்தான். பாடு."

செபஸ்தியாள் பாடிப் போனாள். பழக்கத்தில் ஒருத்தியின் தோளைத் தட்டிவிட்டு ஓடி வந்தாள்.

"வெளிய போ" என்றார் டீச்சர்.

"நல்லாத்தானே தொட்டேன்!"

"அதுக்குத்தான்."

அடுத்து வந்தவளை இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். பிடித்த இருவரும் வெளியே போனார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் தொடவில்லை. பாடி வந்தவள் எதிரணிக்குள் கடை வீதியில் போவதுபோல ஒரு சுற்று நடந்தாள். நடுவில் உட்கார்ந்து செருப்பில்லாத காலில் குத்திய முள்ளை எடுத்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஏட்டி, காப்பி வேணுமா?" என்று வெளியிலிருந்து செபஸ்தியாள் கத்தினாள். மைதானமே சிரித்தது.

மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. ஓரக் கோட்டில் நின்றவள் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"பட்டுட்டு டீச்சர்."

"உன்னை யாரும் தொடலையேட்டி" என்றாள் பேச்சியம்மாள்.

"இங்க இல்லக்கா."

சிரிப்பு நின்றது.

"சாமான் ரூம்ல" என்றாள் மாரிக்கனி. "நான் வெளிய போகணுமா டீச்சர்?"

"நீ நிக்கணும்."

அவளுக்குப் பின்னால் இன்னொரு கை உயர்ந்தது. வெளியே நின்ற செபஸ்தியாளும் கையைத் தூக்கினாள். அவள் முகத்தில் இப்போது கேலி இல்லை.

டீச்சர் மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். ஒவ்வொருத்தியிடமும், "சொன்னது நல்லதும்மா" என்றார். பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். பிள்ளைகளின் அம்மாக்களை வரவழைத்தார். பன்னிரண்டு மணிக்கு அவர்களோடு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு சட்டைகளையும் மடித்து ஆலைக்குத் திருப்பி அனுப்பினார். அன்று மாலை வந்த தவசிக்கண்ணுக்காக வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் பேச்சியம்மாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெய்வானை வீட்டுக்குப் போனாள். தெய்வானை வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா, நான் அவுட்தானே?"

பேச்சியம்மாள் சைக்கிளை அவள் பக்கம் திருப்பினாள்.

"இல்லட்டி. நான் தப்பாச் சொல்லிட்டேன். ஏறு."

தெய்வானை உடனே ஏறவில்லை. தைலப் பாட்டில் இன்னும் அந்த அறையில் இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாவட்டப் போட்டியில் பள்ளிச் சீருடையில் ஆடினார்கள். முதுகில் எண் இல்லாததால் காகிதத்தில் எழுதி ஊக்கு குத்தியிருந்தார்கள். தெய்வானையின் ஏழாம் எண் பாதி ஆட்டத்திலேயே கிழிந்துவிட்டது. அரையிறுதியில் தோற்றார்கள். திரும்பி வரும் பேருந்தில் செபஸ்தியாள் அந்த ஊர் அம்பயரைப் போல நடந்து காட்டினாள். தெய்வானைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

முன் இருக்கையில் டீச்சரின் பக்கத்தில் பேச்சியம்மாள் இருந்தாள்.

"டீச்சர், அன்னைக்குக் கேட்டேனே. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கன்னு. நீங்க பதிலே சொல்லலையே."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"தெய்வானைக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. புதன்கிழமையே கையைத் தூக்கிட்டா. அன்னைக்கு விசில் உன் கழுத்துல கிடந்துச்சு, பேச்சி. சாமான் ரூம் சாவியை அவருக்கு எடுத்துக் கொடுத்தவ நான்."