ஒட்டாத நுனி

உறையூரில் ஒரு பழைய சுருட்டுக் கம்பெனியின் கிடங்குதான் இப்போது அருங்காட்சியகம். பெயர்தான் பெரிது. இருப்பது இரண்டு அறை, ஒரு மின்விசிறி, காவலுக்கும் விளக்கம் சொல்லவுமாக மதுரம். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், கம்பெனி மூடிய அன்று அப்பாவு சுற்றிய கடைசிச் சுருட்டு.

அதன் நுனி ஒட்டப்படவில்லை. அந்தக் கம்பெனியில் அப்படியொரு வழக்கம். நீர் தெளித்துப் பதமாக்கிய இலையில் நாள் முழுக்கச் சுற்றுவார்கள்; கடைசிச் சுருட்டின் நுனியை மட்டும் ஒட்டாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அப்போதுதான் மறுநாளும் வேலை இருக்குமாம். சுற்றியவர் வராவிட்டால் பக்கத்துப் பலகைக்காரர் ஒட்டுவார்.

பெட்டியில் வைக்கக் கொடுத்தபோது அப்பாவு சொன்னார்: "நான் போனப்புறம் இதை ஒட்டி முனியப்பனுக்குப் படைச்சிரும்மா. வேண்டுதல்."

"ஆகட்டுங்கய்யா" என்று மதுரம் வாக்குக் கொடுத்துவிட்டாள். பூஞ்சை பிடித்துவிடக் கூடாதே என்று, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாதம் தவறாமல் மாற்றிப் பதினோரு வருஷம் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள்.

அப்பாவு போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி சிவபாக்கியம் வந்தாள். இருபது வருஷம் அவருக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து சுற்றியவள். கையில் ஒரு கிண்ணம் பசை.

"வேண்டுதல் நின்னுபோனா எம்மவளைத்தான் பிடிக்கும். ஆறு மாசமா முழுகாம இருக்கா. குடுத்துரும்மா."

மதுரம் அருங்காட்சியகச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"பதிவேட்டுல ஏறின பொருள் வாசல் தாண்டக் கூடாது. நுனியை ஒட்டிட்டா அப்புறம் அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று வைத்துவிட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று மதுரம் பூட்டைத் திறந்தாள். சிவபாக்கியம் பசையில் விரலைத் தோய்த்து நுனிவரை கொண்டுபோனாள். மேலிலையை உற்றுப் பார்த்தாள். விரலைப் பின்னுக்கு இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டிரும்மா" என்று அழுதுகொண்டே போய்விட்டாள்.

தடுத்த செயலாளர், திறந்த மதுரம், ஒட்டாமல் போன சிவபாக்கியம். இதில் யார் செய்தது சரி? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: நுனியை ஒட்டும் உரிமை பக்கத்துப் பலகைக்காரிக்கு. அதை அப்பாவுகூட அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே செயலாளர் தடுத்தது தப்பு, மதுரம் திறந்தது சரி. சிவபாக்கியம் செய்ததும் சரிதான். காய்ந்த இலை விரல் பட்டதும் பொடிந்துவிடும் என்று பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. சரியாகச் செய்தவர்கள் இருவர், ஆனாலும் முனியப்பனுக்குச் சுருட்டு போகவில்லை. அந்த இலையின் ஈரத்தை மாதாமாதம் உறிஞ்சி எடுத்தது தன் கைதான் என்பது மதுரத்துக்கு அப்புறம்தான் உறைத்தது. இந்த மாதம் அவள் பொட்டலம் மாற்றவில்லை.