பெரிய டாக்டரின் வலது முட்டி

பரோட்டா மாஸ்டர் மூக்கையாவுக்கு வலி வலது முட்டியில். ஆபரேஷன் கத்தி விழுந்ததோ இடது முட்டியில். இப்போது பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்க இரண்டு காலுமே உதவாது. வழக்குப் போட்டார்.

ஆபரேஷன் செய்த டாக்டருக்காகச் சாட்சி சொல்ல வந்தார் பெரிய எலும்பு டாக்டர் அறவாழி. "ஆபரேஷனுக்கு முன்னால் காலில் பேனாவால் அடையாளம் போடுவதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. அனுபவசாலிக்கு எதற்கு?" என்று முழங்கினார்.

"இதை மறுக்க உங்க பக்கம் ஒரு டாக்டராவது உண்டா?" என்று மூக்கையாவை மடக்கினார் டாக்டர் தரப்பு வக்கீல்.

டாக்டருக்கு எதிராக எந்த டாக்டர் வருவார்? மூக்கையா ஊரெல்லாம் கேட்டு ஓய்ந்திருந்தார்.

"இவரே போதுங்க," என்றார். அறவாழி சாட்சிக் கூண்டுப் படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். "ஐயாவுக்கும் முட்டி வலிங்களா?"

"ஆமாம். வலது முட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன்."

"அடையாளம் போடாமலே படுத்துக்குவீங்களா?"

நீதிபதி நிமிர்ந்து அறவாழியையே பார்த்தார்.

"எந்தக் கால்னு நானே சொல்லிடுவேன்," என்று முணுமுணுத்தார் அறவாழி.

மூக்கையா தன் இரண்டு முட்டிகளையும் தடவிக்கொண்டார்.

"நானும் சொன்னேங்க. 'எல்லாம் டாக்டருக்குத் தெரியும், பேசாமப் படு'ன்னுட்டாங்க."